பாடம் முடியாத வாத்தியார்

வயல்வெளியில் நின்று நிலக்காட்சி வரைந்தார். செசானுக்கும் கோகானுக்கும் சொல்லிக்கொடுத்தார். 55 வயதில், தன் வயதில் பாதிகூட ஆகாத ஓர் இளைஞரிடம் பாடம் கேட்டார். ஓவியர் கமீல் பிஸ்ஸாரோவின் உழைப்பு வாழ்க்கை.

பாரிஸிலிருந்து வடமேற்கே முப்பது கிலோமீட்டர் தள்ளி, உவாஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது பொந்துவாஸ். 1870களில் அது சந்தை கூடும் ஊர். மேட்டில் முட்டைக்கோஸ் பாத்திகள், சரிவில் பழத்தோட்டம், மரங்களுக்கு நடுவே தலைகாட்டும் கூரைகள். அந்தச் சரிவில் இரண்டு பேர் ஓவியத் தாங்கியை நட்டுவைத்து வரைந்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர் நாற்பதைத் தாண்டியவர், நரை ஓடிய நீண்ட தாடிக்காரர். மற்றவர் அவரைவிட ஒன்பது வயது இளையவர். அந்தப் பக்கமாகப் போன குடியானவர் ஒருவர் நின்று, இருவர் முதுகுக்குப் பின்னாலும் போய்ப் பார்க்கிறார். பார்த்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: தாடிக்காரர் குத்துகிறார், மற்றவர் அப்புகிறார்.

அந்தக் காலத்துப் பாரிஸ் விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியும் பிடிக்காததை அந்த விவசாயி ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். தூரிகையின் நுனியால் சின்னச் சின்னதாக வண்ணத்தைக் குத்தி வைத்தவர் கமீல் பிஸ்ஸாரோ. சாந்து பூசுவதுபோல் அப்பியவர் பால் செசான். பின்னாளில் பிக்காஸோவின் தலைமுறை தகப்பனாகக் கொண்டாடிய அதே செசான்தான். அவர் வெளிச்சத்தைப் பார்க்கப் பழகியது இந்தச் சரிவில், இந்தத் தாடிக்காரரின் பக்கத்தில் நின்று.

பிஸ்ஸாரோ பள்ளிக்கூடம் நடத்தவில்லை. வாசலில் பலகை மாட்டவில்லை. ஆனாலும் அவரிடம் கற்றவர்களின் பெயர்களை வரிசையாக எழுதினால், அது நவீன ஓவியத்தின் வரலாறுபோல் இருக்கும். அமெரிக்க ஓவியர் மேரி கசாட், இந்த மனிதர் கல்லுக்குக்கூடச் சரியாக வரையக் கற்றுக்கொடுத்துவிடுவார் என்று வியந்திருக்கிறார். அந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. பிஸ்ஸாரோ கடைசி நாள்வரை தானும் ஒரு வகுப்பில் உட்கார்ந்திருந்தார். சில சமயம் அதற்காகக் குடும்பத்தின் சோற்றுப் பானையையே பணயம் வைத்தார்.

துறைமுகக் குமாஸ்தா

கமீல் பிஸ்ஸாரோ பிறந்தது பிரான்ஸில் இல்லை. கரீபியக் கடலில், அன்று டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த செயின்ட் தாமஸ் தீவில், 1830 ஜூலை 10 அன்று பிறந்தார். அப்பா கடை வைத்திருந்த யூத வணிகர். பையனுக்குப் பன்னிரண்டு வயதானதும் பாரிஸ் அருகே பாஸி என்ற ஊரின் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். படித்து வந்து கடையைப் பார்த்துக்கொள்வான் என்பது வீட்டின் கணக்கு. அந்தப் பள்ளியின் தலைவரோ பையனின் கையில் ஓவியம் இருப்பதைக் கண்டுகொண்டார். ஊருக்குப் போனால் தென்னை மரங்களைப் பார்த்து வரை என்று சொல்லி அனுப்பினாராம். தென்னையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த அறிவுரையின் அருமை புரியும். காற்றில் ஆடும் ஓலையை, அதன் கீற்று கீற்றான நிழலை வரையத் தெரிந்த கை எதையும் வரையும்.

பதினேழு வயதில் தீவுக்குத் திரும்பியவரைத் துறைமுகத்துக்கு அனுப்பினார் அப்பா. கப்பலில் வந்திறங்கும் சரக்கைச் சரிபார்த்துக் கணக்கெழுதும் வேலை. ஏறக்குறைய ஐந்து வருடம் அதைச் செய்தார். மூட்டை சுமப்பவர்கள், கூடைக்காரப் பெண்கள், கழுதைகள், கரையோரம் என்று கிடைத்த இடைவெளியிலெல்லாம் வரைந்தார். அங்கே வந்த டென்மார்க் ஓவியர் ஃப்ரிட்ஸ் மெல்பி அவருக்கு நண்பரானார். 1852-இல் கணக்கு நோட்டை மூடிவிட்டு மெல்பியுடன் வெனிசுவேலாவுக்குக் கிளம்பினார். கராகஸ் நகரிலும் லா குவாய்ரா துறைமுகத்திலும் இரண்டு வருடம் வரைவதே வாழ்க்கையாக இருந்தது. மகன் இனிக் கடைக்கு வரமாட்டான் என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. 1855-இல் பிஸ்ஸாரோ பாரிஸில் இருந்தார்.

கொரோவின் மாணவர்

அந்த வருடம் பாரிஸில் உலகக் கண்காட்சி. அங்கே தொங்கிய ஆயிரக்கணக்கான ஓவியங்களில் பிஸ்ஸாரோவைக் கட்டிப்போட்டவை கமீல் கொரோவின் நிலக்காட்சிகள். விடியற்காலைப் புகைமூட்டம், குளக்கரை, சாம்பல் பச்சை மரங்கள். அன்றைய பிரெஞ்சு ஓவிய உலகில் வரலாறு, புராணம், மாமனிதர் உருவங்கள் எல்லாம் உயர்குலம். நிலக்காட்சி கடைசிப் பந்தி. பிஸ்ஸாரோ அந்தப் பந்தியில் விரும்பிப் போய் உட்கார்ந்தார்.

வண்ணத்துக்கு முன்னால் இருட்டும் வெளிச்சமும் எந்த அளவில் நிற்கின்றன என்பதைப் பார்க்கக் கற்க வேண்டும் என்பது கொரோவின் பாடம். பிரான்ஸின் அரசுக் கண்காட்சிக்குச் சலோன் என்று பெயர். அங்கே இடம் கிடைத்தால்தான் ஓவியருக்குப் பெயரும் விற்பனையும். 1864, 1865 ஆண்டுகளின் சலோன் பட்டியலில் பிஸ்ஸாரோ தன் பெயரோடு கொரோவின் மாணவர் என்றும் பதிவு செய்துகொண்டார்.

ஆனால் குருவுக்கும் சீடருக்கும் ஓரிடத்தில் பாதை பிரிந்தது. கொரோ வெளியில் குறிப்போவியம் எடுத்துக்கொண்டு, ஸ்டூடியோவுக்கு வந்து பெரிய படத்தை முடிப்பார். தொடங்கிய இடத்திலேயே முடித்துவிட வேண்டும் என்று விரும்பினார் பிஸ்ஸாரோ. காலம் அவருக்குக் கைகொடுத்தது. 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர ட்யூபில் வண்ணத்தை அடைக்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். அதற்கு முன்பு அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். குத்தி எடுத்தால் மீதி காய்ந்துவிடும். ட்யூபும் ரயிலும் வந்தபிறகு ஓவியர் ஒரு பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பி வயலில் போய் நிற்க முடிந்தது. 1866 சலோன் பட்டியலில் பிஸ்ஸாரோவின் பெயருக்குப் பக்கத்தில் கொரோ இல்லை. அந்த வருடம் அவர் வைத்த மார்ன் நதிக்கரைக் குளிர்காலக் காட்சியை எழுத்தாளர் எமில் ஸோலா பாராட்டி எழுதினார்.

பாராட்டு வயிற்றை நிரப்பவில்லை. அந்த நாட்களில் நண்பர் கியோமானோடு சேர்ந்து ஜன்னல் திரைகளில் படம் வரைந்து பிழைத்தார் பிஸ்ஸாரோ.

சேற்றில் மிதிபட்ட பதினைந்து வருடம்

1870-இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. லூவ்சியேன் ஊரில் இருந்த வீட்டை அப்படியே விட்டுவிட்டுக் குடும்பத்தோடு லண்டனுக்குப் போனார் பிஸ்ஸாரோ. அங்கேயும் நிற்கவில்லை. புறநகரின் பனியை, பனிமூட்டத்தை, ரயில் நிலையத்தை வரைந்தார். அங்கே தஞ்சம் புகுந்திருந்த ஓவியர் மோனேயோடு அருங்காட்சியகங்களுக்குப் போய் ஆங்கில ஓவியர்களான டர்னரையும் கான்ஸ்டபிளையும் படித்தார். படித்தார் என்பதே சரியான சொல். காற்றையும் ஈரத்தையும் வண்ணத்தால் எப்படிக் காட்டினார்கள் என்று ஒரு மாணவனைப் போல் முன்னால் நின்று பார்த்தார்.

போர் முடிந்து திரும்பிவந்தபோது வீடு சூறையாடப்பட்டிருந்தது. பிரஷ்யப் படை அங்கே தங்கியிருந்தது. தோட்டத்துச் சேற்றில் பூட்ஸ் அழுக்காகாமல் இருக்க, கேன்வாஸ்களைத் தரையில் விரித்து மிதித்து நடந்திருக்கிறார்கள். விட்டுச் சென்றவை ஏறத்தாழ 1,500 படைப்புகள். மிஞ்சியவை சுமார் 40. நாற்பது வயதில், பதினைந்து வருட உழைப்பு சேறானது.

ஓர் எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதி எரிந்தால் நினைவிலிருந்து கொஞ்சம் மீட்கலாம். 1867-இன் ஒரு மாலை வெளிச்சத்தைப் பார்த்து வரைந்த படம் போனால் போனதுதான். அந்த மாலை திரும்பி வராது. பிஸ்ஸாரோ திரும்பிவந்த அடுத்த வருடமே பொந்துவாஸுக்குக் குடிபோனார். புதிய கேன்வாஸை எடுத்தார்.

கூரையில்லாத வகுப்பறை

1872-இல் செசான் பொந்துவாஸுக்கு வந்தார், பிறகு பக்கத்தில் இருந்த ஓவேருக்குக் குடிபெயர்ந்தார். அதுவரை அவர் ஓவியங்கள் கறுப்பும் பழுப்புமாக, கோபமும் கனவுமாக இருந்தவை. பிஸ்ஸாரோ முதலில் செய்தது தன் லூவ்சியேன் ஓவியம் ஒன்றை அவரிடம் கொடுத்தது. செசான் அதைப் பிரதி எடுத்தார். அந்த இரண்டும் இன்றும் இருக்கின்றன. அதே சாலை, அதே மரங்கள். ஆனால் ஒன்றில் காற்று நகர்கிறது, மற்றதில் பூமி கனக்கிறது. கறுப்பை ஒதுக்கு, மூன்று அடிப்படை வண்ணங்களிலும் அவற்றிலிருந்து பிறப்பவற்றிலும் நில் என்று பிஸ்ஸாரோ சொல்லிக்கொடுத்தார். மாணவனின் கையை அவர் மாற்றவில்லை. கண்ணை மட்டும் திறந்துவிட்டார். அதனால்தான் ஒருவர் குத்தவும் மற்றவர் அப்பவும் முடிந்தது.

பிஸ்ஸாரோ தன் முறையை விளக்க எழுதிய புத்தகம் எதுவும் இல்லை. ஆனால் அவருடைய வண்ணத்தட்டு ஒன்று இருக்கிறது. சுமார் 1878-இல் வரைந்தது, இன்று அமெரிக்காவின் கிளார்க் அருங்காட்சியகத்தில் உள்ளது. வழக்கமாகக் கையில் பிடித்திருக்கும் அந்த மரத்தட்டின் ஓரத்தில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை என்று வண்ணக் குவியல்கள் பிசைந்தது பிசைந்தபடி இருக்கின்றன. நடுவில், அதே குவியல்களிலிருந்து இழுத்த வண்ணத்தால் ஒரு நிலக்காட்சி. மரங்கள், வானம், வைக்கோல் வண்டி. மாவு, வெல்லம், தேங்காய் என்று பொருட்களையும் அவற்றால் செய்த பலகாரத்தையும் ஒரே தட்டில் வைத்துக் காட்டுவதுபோல் இருக்கிறது அது. இவ்வளவுதான் விஷயம், ரகசியம் எதுவும் இல்லை என்று சொல்கிற ஆசிரியரின் மனம் அந்தத் தட்டில் தெரிகிறது.

சலோன் நடுவர்களின் தயவை நம்பியிருக்கும் நிலை மாற வேண்டும் என்று மோனே, ரென்வார், தெகா, பிஸ்ஸாரோ முதலியோர் தாங்களே கண்காட்சி வைக்க முடிவெடுத்தார்கள். அந்தச் சங்கத்துக்குப் பிஸ்ஸாரோ எழுதிய விதிமுறைகளுக்கு முன்மாதிரி எது தெரியுமா? பொந்துவாஸ் ரொட்டிச் சுடுபவர்களின் சங்க விதிகள். கலைஞனும் ஒரு தொழிலாளி என்று நம்பியவருக்கு அது இயல்பான தேர்வு. 1874 ஏப்ரல் 15 அன்று பாரிஸில், புகைப்படக்காரர் நாதாரின் பழைய ஸ்டூடியோவில் கண்காட்சி திறந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் பிஸ்ஸாரோ தன் எட்டு வயது மகள் ஜானைப் பறிகொடுத்திருந்தார். அந்தச் சுவரில் தொங்கிய அவருடைய உறைபனி வயல் ஓவியத்தை, தட்டைச் சுரண்டி அழுக்குத் துணியில் பூசியதுபோல் இருக்கிறதென்று ஒரு பத்திரிகை கேலி செய்தது. உழுத சால்களின்மேல் விழும் மரநிழலில் நீலத்தைக் கண்ட அந்த ஓவியம் இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் மதிப்போடு தொங்குகிறது.

இம்ப்ரெஷனிஸ்ட்டுகள் என்று பெயர்பெற்ற இந்தக் குழுவினர் 1874 முதல் 1886 வரை எட்டுக் கண்காட்சிகள் நடத்தினார்கள். நடுவில் ஒவ்வொருவராக விலகினார்கள், திரும்பினார்கள், மறுபடி விலகினார்கள். எட்டிலும் பங்கெடுத்தவர் பிஸ்ஸாரோ ஒருவர்தான்.

1879-இல் பங்குச்சந்தையில் வேலை பார்த்த ஓர் இளைஞர் விடுமுறையில் பொந்துவாஸுக்கு வந்து பக்கத்தில் நின்று வரையத் தொடங்கினார். பெயர் பால் கோகான். பின்னாளில் அவர் பிஸ்ஸாரோவின் வழிக்கு முற்றிலும் எதிர்த் திசையில், தாஹிட்டித் தீவுவரை போய்விட்டார். ஆனாலும் இறப்பதற்குக் கொஞ்சம் முன்பு, அவர் என் ஆசான்களில் ஒருவர், அதை மறுக்கமாட்டேன் என்ற பொருளில் எழுதிவைத்தார். 1890-இல், நோயிலிருந்து மீண்டுகொண்டிருந்த ஓவியர் வான்காவுக்கு ஓவேரின் மருத்துவர் காஷே பொருத்தமானவர் என்று தம்பி தியோவுக்கு யோசனை சொன்னதும் பிஸ்ஸாரோதான். 1898-இல் தேனிலவுக்கு லண்டன் போன இளம் ஓவியர் மத்தீஸை டர்னரைப் பார்க்கச் சொன்னதும் அவரே. 27 வருடம் முன்பு தான் படித்த பாடத்தை அடுத்தவரிடம் ஒப்படைத்தார்.

வாத்தியார் சொன்னது

1890களின் நடுவில் ஓர் இளம் ஓவியர் பிஸ்ஸாரோ தனக்குச் சொன்னவற்றைக் குறித்துவைத்தார். அதன் சாரம், நம் ஊர் மாணவர்களுக்காக:

• உன் மனசுக்கு ஒத்துவருகிற இடத்தைத் தேடிப் போ. ஊரே அழகென்று சொல்வதற்காக வரையாதே.

• வானத்தை முடித்துவிட்டு மரத்துக்கு வருவது, மரத்தை முடித்துவிட்டுத் தரைக்கு வருவது வேண்டாம். எல்லாவற்றையும் சேர்த்தே வளர்த்துக்கொண்டு போ.

• கோடு போட்டு அடைக்காதே. அழுத்தமான வெளிக்கோடு மொத்தத்தின் உணர்வைக் கெடுக்கும்.

• ஒரே புள்ளியில் கண்ணை நட்டுவைக்காதே. ஒரு பொருளின் வண்ணம் பக்கத்துப் பொருளில் என்ன செய்கிறது என்று பார்.

• முதல் பார்வையில் தோன்றியதை இழந்துவிடாதே. தாராளமாக வண்ணம் வை.

• இயற்கைக்கு முன்னால் பயப்படாதே. தப்பு வந்தால் வரட்டும். இயற்கையைவிட்டால் வேறு ஆசான் இல்லை.

இளைஞரிடம் கற்ற முதியவர்

1885 அக்டோபர். பிஸ்ஸாரோவுக்கு 55 வயது. அவரைவிட மிக இளையவரான ஓவியர் பால் சிக்னாக் மூலம் ஜார்ஜ் சூராவின் அறிமுகம் கிடைத்தது. சூராவுக்கு அப்போது 25. தட்டில் வண்ணங்களைக் கலக்காமல், தூய வண்ணங்களைச் சிறு புள்ளிகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது அவர் முறை. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் பார்ப்பவரின் கண்ணுக்குள்ளேயே அவை கலந்துவிடும்.

இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பட்டுப்புடவை போதும். மயில்கழுத்து நிறத்தில் பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். இழை இழையாகப் பிரித்தால் மயில்கழுத்து எங்கும் கிடைக்காது. கண்ணில்தான் அது பிறக்கிறது. சூரா படித்த வண்ண அறிவியலும் நூலிலிருந்து வந்ததுதான். பாரிஸின் கோபெலான் திரைச்சீலை ஆலையில் சாயப் பகுதியின் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரேல், பக்கத்தில் பக்கத்தில் வரும் நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்பதை ஆராய்ந்து 1839-இல் புத்தகமாக வெளியிட்டிருந்தார்.

பிஸ்ஸாரோவுக்கு இது இன்ப அதிர்ச்சி. முப்பது வருடமாகக் கண்ணாலும் கையாலும் தேடியதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று அவர் நம்பினார். அவர் செய்தது சாதாரண காரியமில்லை. அன்று அவரைச் சுற்றி ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டிருந்தது. வாங்குபவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கியிருந்தார்கள். அந்த நேரத்தில் தன் கையெழுத்தையே மாற்றிக்கொண்டு புள்ளி வைக்கத் தொடங்கினார். 1886-இன் எட்டாவது கண்காட்சியில் சூரா, சிக்னாக் ஆகியோரோடும் மகன் லூசியனோடும் சேர்ந்து படம் வைத்தார். மூத்த ஓவியர் சேர்ந்து வைக்கிற அளவுக்கு அந்த இளைஞர்களை நம்பினார்.

பழைய நண்பர்கள் முகம் சுளித்தார்கள். அவர் ஓவியங்களை வாங்கி விற்ற வணிகர் துரான்-ருயேலுக்குப் புள்ளிகள் பிடிக்கவில்லை. புள்ளி வைக்க நேரமும் பிடிக்கும். வருடத்துக்கு முடிக்கிற ஓவியங்களின் எண்ணிக்கை குறைந்தது. வருமானம் இரண்டு பக்கமும் அடிபட்டது.

நாலைந்து வருடம் அந்த வகுப்பில் முழு மனதோடு உட்கார்ந்தார். தான் குடியிருந்த ஏராக்னி கிராமத்தின் ஆப்பிள் பறிப்பை 1888-இல் வரைந்த ஓவியத்தைப் பார்த்தால் அந்த உழைப்பு தெரியும். வெயில் தரையும் மரத்தின் வட்ட நிழலும் ஆயிரமாயிரம் வண்ணப் புள்ளிகளாக மினுங்குகின்றன. ஆனால் உள்ளுக்குள் ஒரு குறை வளர்ந்தது. மேகம் நகர்வதற்குள் கண் உணர்ந்ததைக் கை பிடிக்க வேண்டும். புள்ளி அவ்வளவு வேகமாக ஓடவில்லை. 1890களின் தொடக்கத்தில் அந்த முறையை விட்டார். விட்டதற்கான காரணத்தை நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் அந்த வருடங்கள் வீணாகவில்லை. அதன்பின் வந்த ஓவியங்களின் வண்ணத்தில் ஒரு தெளிவு இருக்கிறது. அது அந்த வகுப்பின் மதிப்பெண்.

ஜூலியின் தோட்டம்

இந்தப் படிப்புக்கெல்லாம் கட்டணம் கட்டியவர் இன்னொருவர். ஜூலி வெல்லே, பிஸ்ஸாரோவின் மனைவி. திராட்சை பயிரிடும் குடும்பத்துப் பெண். பிஸ்ஸாரோவின் அம்மா வீட்டுச் சமையலறையில் வேலை பார்த்தவர். அவரை மணக்கப் பிஸ்ஸாரோவின் குடும்பம் சம்மதிக்கவில்லை. பிள்ளைகள் பிறந்தபிறகு, 1871-இல் லண்டன் பக்கத்தில் குராய்டனில்தான் திருமணம் பதிவானது.

எட்டுப் பிள்ளைகள் பெற்றவர், அவர்களில் சிலரை இளவயதிலேயே இழந்தவர் ஜூலி. காய்கறி போட்டார், கோழியும் முயலும் வளர்த்தார், கடன்காரர்களுக்குப் பதில் சொன்னார். பொந்துவாஸ் காலத்தில் விற்பனைக்கு வழியில்லாமல் போனபோது, ஓவியங்கள் வாங்கும் பலகாரக் கடைக்காரர் ஒருவர் பிஸ்ஸாரோவின் படத்தைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கினார். பரிசு விழுந்த வேலைக்காரப் பெண், படத்துக்குப் பதிலாகக் க்ரீம் பன் கிடைக்குமா என்று கேட்டதாகச் சொல்வார்கள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. அவள் பசி அவளுக்கு. அந்த நாளில் ஜூலியின் அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்பதுதான் நெஞ்சை அழுத்துகிறது.

பிள்ளைகளாவது ஒரு தொழில் கற்று நாலு காசு பார்க்கட்டும் என்று ஜூலி மன்றாடினார். பிஸ்ஸாரோ அவர்கள் கையிலும் பென்சிலைக் கொடுத்தார். வீட்டில் வளர்ந்த ஐந்து மகன்களும் ஓவியரானார்கள். லண்டனுக்குப் போன மூத்த மகன் லூசியனுக்கு 1883 முதல் இருபது வருடம் அப்பா கடிதம் எழுதினார். வீட்டுக் கஷ்டம், காசு வரவு, ஓவியப் பாடம் எல்லாம் ஒரே தாளில் கலந்து வரும். தினமும் வரை, அருங்காட்சியகம் போ, பழைய ஓவியர்களைப் பார், உன் சொந்த உணர்வை விட்டுவிடாதே. தபாலில் வந்த இந்த வகுப்பில் மாணவன் ஒருவன்தான். பின்னாளில் புத்தகமான அந்தக் கடிதங்கள் இன்று உலகம் முழுக்கப் படிக்கப்படுகின்றன.

1884-இல் குடிவந்த ஏராக்னி கிராமத்து வீட்டை வாடகைக்கு விட்டிருந்தவர் விற்க முடிவெடுத்தபோது, ஜூலி நேராக மோனேயிடம் கடன் கேட்டார். 1892-இல் மோனே கொடுத்த 15,000 ஃபிராங்க் கடனில் வீடு சொந்தமானது. பிஸ்ஸாரோவின் தோட்டம், புல்வெளி, நெட்டிலிங்கம்போல் உயர்ந்த பாப்ளர் மரங்கள் எல்லாம் நமக்கு ஓவியமாகக் கிடைத்ததற்குப் பின்னால் ஜூலியின் இந்தக் கேட்டல் இருக்கிறது. ஓவியர் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது இந்தப் பெண்ணின் பெயரையும் சேர்த்து எழுதுவதுதான் நியாயம்.

ஜன்னலுக்குள் ஒரு மைதானம்

வெட்டவெளியில் வரைவதையே கொள்கையாக வைத்திருந்தவருக்கு வயதான காலத்தில் பெரிய சோதனை வந்தது. 1880களின் கடைசியில் வலது கண்ணின் கண்ணீர்ப் பையில் சீழ் பிடித்தது. ஆறியும் திரும்பியும் அது அவரை விடவில்லை. காற்றும் தூசியும் ஆகாது. சக்கரம் வைத்த தாங்கியைத் தள்ளிக்கொண்டு ஏராக்னித் தோட்டத்தில் சுற்றியவருக்கு வயலில் நிற்பது கஷ்டமானது.

அவர் வயலை விட்டார், வெளியை விடவில்லை. ஹோட்டல் அறை எடுத்து, மேல்மாடி ஜன்னலோரம் தாங்கியை வைத்தார். 1896-இல் ரூவான் நகரின் பாலங்கள், புகைபோக்கிகள், சரக்கு இறங்கும் துறை. இளவயதில் செயின்ட் தாமஸ் துறைமுகத்தில் மூட்டை எண்ணியவருக்கு அந்தக் காட்சி புதிதில்லை. 1897 தொடக்கத்தில் பாரிஸின் ரூசி ஹோட்டல் அறையிலிருந்து மோன்மார்த்ர் பெருஞ்சாலை. காலை, மழை, பனி, திருவிழா ஊர்வலம் என்று ஒரே சாலையைப் பதினான்கு முறை வரைந்தார். அந்தப் பதினான்கில் ஒன்றுதான் இரவு. நடுச்சாலையில் மின்விளக்குகள் வெள்ளையாக, கடைகளின் வாயு விளக்குகள் ஆரஞ்சு மஞ்சளாக, ஈரத் தரை அத்தனையையும் வாங்கித் திருப்பித் தருவதாக. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் அந்த ஓவியத்தில் பிஸ்ஸாரோ கையெழுத்துப் போடவில்லை, உயிரோடு இருந்தவரை எங்கும் காட்சிக்கு வைக்கவும் இல்லை. 66 வயதில், இருட்டில் வெளிச்சம் எப்படி நடக்கிறது என்று தனக்குத் தானே செய்துபார்த்த வீட்டுப்பாடமாகவே அது எனக்குப் படுகிறது.

அந்த வருட நவம்பரில் லண்டனில் மகன் ஃபெலிக்ஸ் காசநோயில் இறந்தார். வயது 23. டிசம்பரில் பிஸ்ஸாரோ மறுபடி பாரிஸில் அறை எடுத்தார். ஓபேரா சாலையின் வண்டிகளும் குடைகளும் அந்த ஜன்னலுக்குக் கீழே ஓடின. அவர் வரைந்தார். துக்கத்துக்கு அவர் அறிந்த மருந்து அது ஒன்றுதான்.

1903 கோடையிலும் ல ஆவ்ர் துறைமுகத்தில் ஜன்னலோரம் நின்றவர், நவம்பர் 13 அன்று பாரிஸில் காலமானார்.

பட்டியலில் ஒரு வரி

நம் ஊர்களிலும் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மடக்கு நாற்காலியும் தண்ணீர் பாட்டிலும் வண்ணப் பெட்டியுமாகக் கோயில் குளத்துக்கும் மீன்பிடித் துறைக்கும் கிளம்புகிற ஓவியர்கள் இருக்கிறார்கள். வாரநாளில் பள்ளியில் ஓவிய வகுப்பு எடுப்பவர்கள். மாலையில் வீட்டுத் திண்ணையில் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள். இரவில் ஒரு பெரிய ஓவியரின் படத்தைக் கைபேசியில் பெரிதாக்கி, இந்த நிழலுக்கு எந்த நீலம் வைத்தார் என்று தேடுபவர்கள். சொல்லிக்கொடுக்கிற நேரம் எல்லாம் சொந்த ஓவியத்திலிருந்து கழிகிறதே என்ற ஏக்கம் அவர்களுக்கு வருவதுண்டு. பிஸ்ஸாரோவின் வாழ்க்கை அவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. செசானுக்கு வண்ணத்தை விளக்கும்போதுதான் அவர் தன் தட்டைச் சுத்தம் செய்துகொண்டார். செசானின் கட்டுறுதியைப் பார்த்துத் தன் பொந்துவாஸ் ஓவியங்களை இறுக்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற மாணவனிடமிருந்து வாங்கிக்கொள்ளத் தெரிந்தவருக்குக் கற்பித்த நேரம் கழியவில்லை, ஓவியத்துக்குள்ளேயே சேர்ந்தது.

பிஸ்ஸாரோ இறந்து மூன்று வருடம் கழித்து, 1906-இல், தெற்கு பிரான்ஸின் எக்ஸ் நகரில் ஒரு கண்காட்சி. சொந்த ஊர்க்காரர் பால் செசானும் படம் அனுப்பினார். அவருக்கு 67 வயது. பாரிஸின் இளம் ஓவியர்கள் ரயிலேறி வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போன காலம் அது. இனி யாருடைய பெயரும் அவருக்குத் துணை வேண்டியதில்லை. நாற்பது வருடம் முன்பு பிஸ்ஸாரோ கொரோவின் பெயரை எழுதிய அதே இடத்தில், பட்டியலில் தன் பெயருக்குப் பக்கத்தில், செசான் எழுதச் சொன்னது:

பிஸ்ஸாரோவின் மாணவர்.